நகரசபை வண்டிகளில் எரிபொருட் சிக்கனம்
மல்லேஸ்வரத்தின் தெருக்கள் கற்பிக்கும் கணக்கு

ஒரு நகரத்தின் நிர்வாகம் மக்களின் கண்ணுக்குப் பெரும்பாலும் வண்டிகளின் உருவிலேயே காட்சியளிக்கிறது. விடியற்காலையில் வீடுதோறும் குப்பை திரட்ட வரும் ஆட்டோ டிப்பர், அக்குப்பையை வாங்கி அழுத்திக் கொண்டு செல்லும் காம்பாக்டர் லாரி, தண்ணீர் லாரி, பாதாளச் சாக்கடையின் அடைப்பை நீக்கும் வண்டி, முறிந்த மரக்கிளைகளை ஏற்றிச் செல்லும் லாரி, மேற்பார்வைக்கு வரும் ஜீப்பு, இவற்றுடன் நகரப் போக்குவரத்து பஸ்கள் ஆகிய யாவும் பொதுமக்களின் பணத்தில் ஓடுகின்றன. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. ஆகவே, இவ்வண்டிகள் வீணாக்கும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் நகரத்தின் வரிப்பணத்தையும் நாட்டின் அந்நியச் செலாவணியையும் ஒருங்கே கரைக்கிறது. அவ்வண்டியின் பின்னால் நின்று புகையைச் சுவாசிக்கும் தூய்மைப் பணியாளரின் நுரையீரலும் அதற்கு விலை கொடுக்கிறது.

இச்செலவைக் குறைக்கப் புதிய வண்டிகளை வாங்குவது ஒன்றே வழி எனப் பலர் கருதுகின்றனர். புதிய வண்டிகள் தேவையே. ஆனால் கையிலுள்ள வண்டி எங்கே, எதற்காக, எவ்வளவு எரிபொருளைச் செலவிடுகிறது என்பதைச் சரியாக அளக்காத நகரசபை, புதிய வண்டியிலும் பழைய நஷ்டத்தையே அடையும். இவ்வுண்மையை விளக்கப் பெங்களூர் நகரின் மல்லேஸ்வரம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

துப்புரவுக்கெனவே திட்டமிடப்பட்ட பகுதி

1898-ஆம் ஆண்டில் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான பழைய நகரத்திலிருந்து மக்களை வெளியேற்றி, காற்றோட்டமுள்ள இடங்களில் குடியமர்த்த வேண்டும் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. அவ்வாறு உருவான பகுதிகளுள் ஒன்றே மல்லேஸ்வரம். காடு மல்லேஸ்வரர் ஆலயத்தின் பெயரால் வழங்கும் இப்பகுதியில், சம்பிகே சாலை, மார்கோசா சாலை முதலிய நெடுஞ்சாலைகள் ஒன்றற்கொன்று இணையாகச் செல்ல, எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள் அவற்றை வெட்டிச் செல்கின்றன. வீடுகளின் பின்புறம் துப்புரவுப் பணிக்கெனக் குறுகிய சந்துகளும் விடப்பட்டன. கழிவு அகற்றுதலை மனத்திற்கொண்டு தெருக்களை வகுத்த காலம் அது. இன்றைய மோட்டார் வண்டி அத்தெருக்களில் எவ்வாறு ஓடவேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

நகர நிர்வாகத்தின் அமைப்பும் மாறி வந்துள்ளது. 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. நிர்வாகம் எவ்வாறு பிரிந்தாலும், வண்டிகள் செல்லும் தெருக்களும் அத்தெருக்களின் பௌதிகமும் மாறுவதில்லை.

ஒரு முறை நின்றால் எவ்வளவு?

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் வெப்பசக்தி அடங்கியுள்ளது. நல்ல டீசல் இயந்திரமும் நகரப் போக்குவரத்தில் அதில் சுமார் 30 சதவீதத்தையே சக்கரங்களுக்கு அளிக்கிறது எனக் கொள்ளலாம். எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது.

பாரத்துடன் 12 டன் எடையுள்ள ஒரு லாரி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்கச் சக்தி சுமார் 0.42 மெகாஜூல். ஓட்டுநர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தும்பொழுது இச்சக்தி முழுவதும் பிரேக் டிரம்களில் வெப்பமாகி அழிகிறது. மீண்டும் அதே வேகத்தை அடைய இயந்திரம் சுமார் 39 மில்லிலிட்டர் டீசலை எரிக்க வேண்டும். அதாவது, இருபத்தைந்து முறை நின்று புறப்பட்டால் ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் பிரேக்கிலேயே கரைந்துவிடுகிறது.

வேகம் இரட்டிப்பானால் இந்த நஷ்டம் நான்கு மடங்காகிறது. அதே லாரி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் இழப்பு 17 மில்லிலிட்டர். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் 69 மில்லிலிட்டர். முன்னால் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்த பின்னரும் வேகத்தைக் கூட்டி, இறுதியில் பிரேக்கை அழுத்தும் வழக்கம் எவ்வளவு பொருட்செலவானது என்பது இதனால் விளங்கும். எட்டாவது குறுக்குத் தெருச் சந்தையை ஒட்டிய நெரிசலில் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். அங்கே விரைந்து முன்னேற முயலும் கனரக வண்டி நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. எரிபொருளை மட்டும் இழக்கிறது.

இதற்கு மாறாக, வீட்டுக்கு வீடு நின்று செல்லும் சிறிய ஆட்டோ டிப்பரின் கணக்கு வேறு. ஒன்றரை டன் எடையுடன் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் அவ்வண்டி, ஒரு முறை நிற்பதால் அரை மில்லிலிட்டர் அளவே இழக்கிறது. அடிக்கடி நிற்க வேண்டிய வேலையைச் சிறிய வண்டிக்கும், நில்லாமல் செல்லவேண்டிய நெடுந்தூரத்தைப் பெரிய வண்டிக்கும் ஒப்படைக்கும் முறை இக்காரணத்தால் பௌதிக முறைப்படியும் சரியானதே.

மேடும் மெல்லிய காற்றும்

மல்லேஸ்வரத்தின் தெருக்கள் சமதளமானவை அல்ல. 12 டன் லாரி 10 மீட்டர் உயரம் ஏறுவதற்குச் சுமார் 110 மில்லிலிட்டர் டீசல் தேவைப்படுகிறது. ஆகவே, குப்பை திரட்டும் வண்டி காலியாக இருக்கும்பொழுது மேட்டுப் பகுதிக்குச் சென்று, பாரம் ஏற ஏறத் தாழ்வான பகுதியை நோக்கி இறங்கி வருமாறு வழியை அமைத்தல் சிக்கனமானது. பாரத்துடன் மேடேறுவதும், காலியாகப் பள்ளத்தில் இறங்குவதும் தலைகீழான ஏற்பாடாகும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு. டர்போ சாதனம் இல்லாத பழைய டீசல் இயந்திரம் ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த அளவுக்குக் குறைந்த காற்றையே உள்ளிழுக்கிறது. சென்னைக்கு ஏற்ற அளவில் எரிபொருளைச் செலுத்தும் பம்பு அங்கே மாற்றமின்றி இயங்குமானால், ஒரு பகுதி டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டால் குறை இன்னும் அதிகமாகும். கரும்புகை என்பது பணம் புகையாகப் போவதன் அடையாளம். கே. சி. பொது மருத்துவமனையும் பல பள்ளிகளும் உள்ள ஒரு பகுதியில் அது உடல்நலத்திற்கும் கேடு.

நின்றபடி எரியும் டீசல்

நகரசபை வண்டிகளின் எரிபொருள் வீணாகும் வழிகளில் எளிதில் கண்ணுக்குப் படாதது, வண்டி நின்றிருக்க இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதாகும். கனரக டீசல் இயந்திரம் ஒன்று இவ்வாறு ஓடும்பொழுது மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் செலவிடக்கூடும். ஆட்டோ டிப்பர்கள் வந்து சேரும்வரை காத்திருக்கும் லாரியின் இயந்திரம் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வீணே ஓடினால், 300 நாட்களில் 900 லிட்டர் டீசல் எரிந்துவிடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. எனவே, ஒரே ஒரு வண்டியின் வீண் ஓட்டத்தால் ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. இதற்கு ஈடாக ஒரு கூடைக் குப்பையும் அகற்றப்படவில்லை.

நியூயார்க் நகரில் வண்டிகள் மூன்று நிமிடத்திற்கு மேல் இவ்வாறு நின்று ஓடுவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. பள்ளிகளின் அருகில் ஒரு நிமிடமே அனுமதி. தில்லியில் 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கில் இயந்திரத்தை நிறுத்துமாறு மக்களிடையே ஓர் இயக்கம் நடத்தப்பட்டது.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. காம்பாக்டர் லாரியில் குப்பையை அழுத்தும் ஹைட்ராலிக் தட்டு அவ்வண்டியின் இயந்திரத்தாலேயே இயக்கப்படுகிறது. ஆகவே, அழுத்தும் நேரத்தில் இயந்திரம் ஓடுவது வீணன்று, வேலையே ஆகும். டர்போ பொருத்திய இயந்திரத்தைக் கடும் ஓட்டத்திற்குப் பின் ஓரிரு நிமிடம் ஆறவிடுவதும் அவசியம். வீணான ஓட்டத்தையும் வேலைக்கான ஓட்டத்தையும் பிரித்தறியாத கட்டளை பணியாளருக்குத் தொல்லையையே தரும்.

எல்லாத் தெருக்களையும் தொட்டுவரும் வழி

குப்பை வண்டியின் பயணம் மற்ற வண்டிகளின் பயணத்திலிருந்து வேறுபட்டது. அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதில்லை. தன் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு தெருவையும் ஒருமுறையேனும் கடந்தாக வேண்டும். சில தெருக்களை இரண்டாம் முறையும் கடக்க நேரிடும். இந்த வெற்றோட்டத்தை எவ்வாறு குறைப்பது?

இக்கேள்வியின் வேர் 1736-ஆம் ஆண்டிற்குச் செல்கிறது. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து வர இயலாது எனக் கணித மேதை ஆய்லர் அந்த ஆண்டில் நிறுவினார். ஒரு சந்தியில் கூடும் தெருக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால், ஒன்றின் வழியே நுழைந்து மற்றொன்றின் வழியே வெளியேறி எல்லாவற்றையும் முடித்துவிடலாம். ஒற்றைப்படையானால் ஒரு தெரு எஞ்சிவிடும்; சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்திற்குத் திரும்ப வேண்டுமானால், ஏதேனும் ஒரு தெருவை மீண்டும் கடந்தாக வேண்டும். 1960-இல் சீனக் கணித அறிஞர் குவான் மெய்-கோ, தபால்காரர் ஒருவர் எல்லாத் தெருக்களுக்கும் சென்று திரும்புவதற்கான மிகக் குறுகிய வழியை ஆராய்ந்தார். ஒற்றைப்படைச் சந்திகளை இரண்டிரண்டாக இணைத்து, அவ்விணைப்புகளின் மொத்த நீளம் மிகக் குறைவாக இருக்குமாறு செய்வதே விடை.

மல்லேஸ்வரம் போன்ற கட்டத் தெருக்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். இணையான இரண்டு சாலைகளை ஆறு குறுக்குத் தெருக்கள் ஏணிப் படிகளைப் போல இணைப்பதாகக் கொள்வோம். குறுக்குத் தெரு ஒவ்வொன்றும் 200 மீட்டர். அடுத்தடுத்த தெருக்களின் இடைவெளி 100 மீட்டர். மொத்தத் தெருநீளம் 2,200 மீட்டர். நடுவிலுள்ள எட்டுச் சந்திகளில் மும்மூன்று தெருக்கள் கூடுகின்றன. இவற்றைக் குறுக்குத் தெருக்களின் வழியே இணைத்தால் 800 மீட்டர் வெற்றோட்டம் ஏற்பட்டு, வண்டி 3,000 மீட்டர் ஓடவேண்டும். சாலையை ஒட்டி இணைத்தால் வெற்றோட்டம் 400 மீட்டரே. மொத்தம் 2,600 மீட்டர். காசு செலவில்லாமல், ஒரு தாளும் பென்சிலும் கொண்டு, ஓட்டத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். ஒருவழிப் பாதைகளும், எதிர்வரும் போக்குவரத்தைக் கடந்து வலப்புறம் திரும்பும் இடங்களும் கணக்கைச் சற்றுக் கடினமாக்கும். இன்றைய கணிப்பொறிகளுக்கு அது பெரிய சுமையன்று.

எந்த அளவுகோல்?

நம் நாட்டுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளில் கே.எம்.பி.எல்., அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது, அன்றாடம் வழங்கும் சொல். இவ்வளவுகோல் எளியது, பயனுள்ளது. ஆனால் இதனை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தால் இரண்டு பிழைகள் நேரும்.

முதலாவது, எங்கே முயற்சி செய்யவேண்டும் என்பது மறைந்துவிடும். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் ஜீப்பை 12 கிலோமீட்டர் ஓடச் செய்வது பெரிய வெற்றியாகத் தோன்றும். லிட்டருக்கு 2 கிலோமீட்டர் ஓடும் லாரியை 3 கிலோமீட்டர் ஓடச் செய்வது அற்பமாகத் தோன்றும். 60 கிலோமீட்டர் ஓட்டத்திற்குக் கணக்கிட்டால் உண்மை வெளிப்படும். ஜீப்பின் செலவு ஏழரை லிட்டரிலிருந்து ஐந்து லிட்டராகக் குறைகிறது. மிச்சம் இரண்டரை லிட்டர். லாரியின் செலவு 30 லிட்டரிலிருந்து 20 லிட்டராகக் குறைகிறது. மிச்சம் 10 லிட்டர். இந்த மயக்கத்தை லாரிக், சோல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 2008-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் விளக்கினர். ஆகவே, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவதே தெளிவான முறை.

இரண்டாவது பிழை மேலும் கவலைக்குரியது. நெரிசலான கடைத்தெருவில் காம்பாக்டர் ஓட்டுபவரையும், அகன்ற வெளிவட்டச் சாலையில் லாரி ஓட்டுபவரையும் ஒரே எண்ணால் ஒப்பிட்டால், முன்னவர் எந்நாளும் குற்றவாளியாகவே காட்சியளிப்பார். தெருவின் குறையும், வழியின் குறையும், தட்டை இயக்கச் செலவான டீசலும் அவருடைய கணக்கில் ஏறிவிடும். செய்யாத குற்றத்திற்காகக் கண்டிக்கப்படும் ஓட்டுநர் சிக்கனத்தில் அக்கறை இழப்பது இயற்கை. ஒரே தடம், ஒரே வகை வண்டி, ஒரே நேரம் ஆகியவற்றுக்கிடையேதான் ஓட்டுநரை ஓட்டுநரோடு ஒப்பிடலாம்.

நிர்வாகத்தைச் சோதிக்க வேறு அளவுகோல் வேண்டும். குப்பை வண்டிக்கு ஒரு டன் குப்பைக்கு எத்தனை லிட்டர் என்பதும், பஸ்ஸுக்கு ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல எவ்வளவு என்பதும் சரியான அளவுகள். நகருக்கு வெளியே 25 கிலோமீட்டர் தொலைவிற்குச் சென்று திரும்பும் லாரி, லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடினால், ஒரு நடைக்கு ஏறத்தாழ 17 லிட்டர் செலவாகும். வண்டி முழுப் பாரத்துடன் சென்றாலும் பாதிப் பாரத்துடன் சென்றாலும் இச்செலவு பெரிதும் மாறுவதில்லை. பாதிப் பாரத்துடன் செல்லும் வண்டி நல்ல கே.எம்.பி.எல். காட்டும், ஆனால் டன்னுக்கு ஆகும் செலவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும்.

தூரத்தையே குறைப்பது எல்லாவற்றினும் மேலான சிக்கனம். பெங்களூரின் குப்பை கொட்டப்பட்டுவந்த மண்டூர், அவ்வூர் மக்களின் எதிர்ப்பால் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. தொலைதூரக் கிடங்கை நம்பியிருத்தல் எரிபொருளுக்கு மட்டுமன்றி நியாயத்திற்கும் பொருந்தாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. வீட்டுக் கழிவில் பெரும்பகுதி ஈரக்கழிவு. அதை வட்டாரத்திலேயே உரமாகவோ வாயுவாகவோ மாற்றினால் அந்த எடை நெடுஞ்சாலையில் ஏறவேண்டியதே இல்லை. இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் திறன் கொண்டது. அதிலிருந்து கிடைக்கும் வாயு அந்நகரப் பஸ்களுக்கு எரிபொருளாகிறது.

மின்சார வண்டிகளும் பழைய பாடமும்

பெங்களூரில் மின்சார பஸ் 2014-இல் பரீட்சார்த்தமாக ஓட்டப்பட்டது. பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் 2021 டிசம்பர் முதல் 9 மீட்டர் நீளமுள்ள மின்சார பஸ்களும், 2022 ஆகஸ்டு முதல் 12 மீட்டர் பஸ்களும் ஓடத் தொடங்கின. நின்று நின்று செல்லும் நகரப் பயணத்திற்கு இவை மிகவும் ஏற்றவை. பிரேக் பிடிக்கும்பொழுது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வெப்பமாக அழிந்துவந்த சக்தியில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பி அளிக்கிறது. நிற்கும்பொழுது மோட்டார் சுழல்வதில்லை. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு, 2023 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் புதுப்பிக்கப்படுவதில்லை. நகரசபை வண்டிகளும் இதில் அடங்குவதால், பழைய வண்டிகளுக்கு மாற்று வாங்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டுள்ளது.

எனினும், தவறான வழியில் ஓடும் மின்சார லாரி மின்சாரத்தை வீணாக்கும். மின்கலத்தின் கொள்ளளவு வரையறுக்கப்பட்டது. வெற்றோட்டம் மிகுந்தால் வண்டி வேலை முடியுமுன் பணிமனைக்குத் திரும்ப நேரிடும். வழியும் பாரமும் சரியாகக் கணக்கிடப்பட்ட நகரத்தில் மட்டுமே எத்தனை மின்சார வண்டிகள் தேவை என்பதையும் சரியாகச் சொல்ல இயலும்.

செய்யத் தக்கவை

முதற்கண், ஒவ்வொரு வண்டிக்கும் தொட்டி நிரம்ப டீசல் பிடித்து, ஓடோமீட்டர் எண்ணையும் லிட்டரையும் அன்றன்றே பதிவு செய்தல் வேண்டும். ஓடாத ஓடோமீட்டர் உடனே பழுது பார்க்கப்பட வேண்டும். அது இல்லையேல் திருட்டையும் பழுதையும் பிரித்தறிய வழியில்லை. இரண்டாவது, நூறு கிலோமீட்டருக்கு மிக அதிகமாக டீசல் குடிக்கும் வண்டிகளைத் தேர்ந்து, முதலில் அவற்றைச் சோதித்தல் வேண்டும். டயரின் காற்றழுத்தம், காற்று வடிகட்டி, விடாமல் உராயும் பிரேக், நழுவும் கிளட்ச், எரிபொருட் பம்பு ஆகியவை முறையே பார்க்கத்தக்கவை. மூன்றாவது, வழிகளை வரைபடத்தில் இட்டு வெற்றோட்டத்தைக் குறைத்தல். நான்காவது, ஆட்டோ டிப்பரும் லாரியும் சந்திக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்திக் காத்திருப்பைக் குறைத்தல். ஐந்தாவது, ஓட்டுநருக்குப் பயிற்சியும், மிச்சப்படுத்திய எரிபொருளுக்குத் தக்க ஊக்கமும் அளித்தல். 1978-இல் நிறுவப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் ஓட்டுநர்களுக்கு எரிபொருட் சிக்கனப் பயிற்சி அளித்து வருகிறது.

பொதுமக்களுக்கும் இதில் பங்குண்டு. குறுகிய குறுக்குத் தெருவில் தாறுமாறாக நிறுத்தப்பட்ட ஒரு கார், 12 டன் லாரியை நிறுத்திப் பின்னோக்கிச் செலுத்தச் செய்கிறது. வண்டி வரும் நேரத்தில் குப்பையைத் தரம் பிரித்து வாயிலில் வைக்காத வீடு, வண்டியை மீண்டும் ஒருமுறை வரச்செய்கிறது. 39 மில்லிலிட்டர் என்பது ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவு கூட இல்லை. ஆனால் அது ஒரு நகரத்தின் எல்லா வண்டிகளிலும் ஒவ்வொரு நாளும் பலமுறை சிந்துகிறது. அவ்வாறு சிந்துவதை அளந்து அறிவதே சிக்கனத்தின் தொடக்கம். அளந்தபின், அது ஓட்டுநரின் பிழையா, இயந்திரத்தின் பிழையா, வகுத்த வழியின் பிழையா என்பதை நேர்மையாகப் பிரித்துப் பார்த்துத் திருத்துவது நகர நிர்வாகத்தின் கடமையாகும்.